மேற்கோள் எண்ணும் புலமையின் மதிப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கல்விநிதிக் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்தில் சிறுவர்க்கு இலக்கணம் கற்பித்து நாள் கழிக்கும் எம்மை, 'ஆராய்ச்சியாளரின் தகுதியை எண்ணால் அளத்தல்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு குழுவினர் பணித்தபொழுது யாம் முதலில் தயங்கினேம். கணக்கு எம் துறையன்று; விஞ்ஞானத்தில் எமக்குப் பயிற்சியும் இல்லை. ஆயினும் இப்பொருள்பற்றிப் பேச எமக்கு ஓர் உரிமை உண்டு. அது பிழை செய்து உணர்ந்தோர்க்கு உரிய உரிமை. ஆதலின் அப்பிழையை முதற்கண் இவ்வவையின் முன் ஒப்புக்கொண்டு, பின்னர்ப் பொருளுட் புகுவேம்.

சென்ற ஆண்டு நம் கல்விநிதியிலிருந்து ஆராய்ச்சி மாணாக்கர் ஒருவர்க்கு உதவித்தொகை வழங்குதற்கு அமைத்த தேர்வுக் குழுவில் யாமும் ஒருவராய் இருந்தேம். இறுதியில் இருவர் விண்ணப்பங்கள் எஞ்சின. ஒருவர் கணிப்பொறித் துறையைச் சார்ந்த இளைஞர். அவர் பெயரால் அச்சான கட்டுரைகள் 11. எச்-இன்டெக்ஸ் என்று வழங்கும் எச் எண் 6. மற்றவர் ஒரு பெண். சோழர் காலக் கல்வெட்டுக்களில் வரும் நில அளவைச் சொற்களை ஆராய்பவர். அவர் காட்டியது ஒரே கட்டுரை. அதுவும் தமிழில், ஒரு தமிழ்க் காலாண்டிதழில் வெளிவந்தது. 'பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர்?' என்ற கட்டத்தில் அவர் சுன்னம் இட்டிருந்தார். குழுவினர் நால்வேமும் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேம். 11-க்கு எதிரே 1; 6-க்கு எதிரே சுன்னம். கால் மணி நேரத்தில் தீர்மானம் எழுதிக் கையொப்பமிட்டுத் தேநீர் அருந்தி எழுந்தேம்.

அந்நால்வருள் கல்வெட்டுத் தமிழைப் படிக்க வல்லவர் யாம் ஒருவரே. விண்ணப்பத்தோடு இணைத்திருந்த அக்கட்டுரையை யாம் படிக்கவில்லை. மூன்று திங்கள் கழித்துப் பழைய தாள்களை அடுக்குங்கால் அது கைப்பட்டது. ஒரே இருப்பில் படித்து முடித்தேம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அது யாது கூறிற்று என்பதைப் பின்னர்ச் சொல்லுவேம்.

உதவித்தொகை பெற்ற இளைஞர்மீது யாதொரு குறையும் இல்லை. அவர் உழைப்பாளி. 'அந்தப் பதினொன்றில் என் கை முழுதும் பட்டவை இரண்டே, ஐயா. தாங்கள் கேட்டிருந்தால் அவ்விரண்டையே காட்டியிருப்பேன்' என்று அவரே பின்னொருநாள் எம்மிடம் கூறினார். கேளாதது எம் பிழை. இவ்வாண்டு குழுவின் முன் வந்துள்ள வரைவிலோ, 'எச் எண் மிக்கவர்க்கே முதலுரிமை' என்று ஒரு விதி காணப்படுகின்றது. ஒருமுறை செய்த தவற்றை விதியாக எழுதிவைத்தல், அத்தவற்றுக்குப் பட்டா எழுதிக் கொடுத்தலாகும். அது வேண்டா என்று வேண்டிக்கொள்ளவே இன்று இம்மேடை ஏறினேம்.

நிற்க. இவ்வெண்கள் எங்ஙனம் பிறந்தன என்பதை அறிதல் நன்று.

தமிழ் கற்றோர்க்கு மேற்கோள் என்பது புதிதன்று. தொல்காப்பியனார் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் தமக்கு முன்னோரைச் சுட்டிச் செல்கின்றார். உரையாசிரியர்கள் பழைய நூல்களைப் பலவிடத்தும் எடுத்துக்காட்டுகின்றனர். வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூலாகக் கிடைத்தில. பிறர் எடுத்தாண்டமையாலும் தொகுத்து வைத்தமையாலும் எஞ்சிய சில செய்யுட்களே இன்று நம் கையில் உள்ளன. தகடூர் யாத்திரையும் அத்தகையதே. ஆகவே ஒரு நூலை மற்றொரு நூல் நினைவுகூர்தல் எத்துணைப் பெரிய தொண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும் நச்சினார்க்கினியர் எந்நூலை எத்தனை முறை எடுத்தாண்டார் என்று கூட்டிப் பார்த்து, அக்கூட்டுத்தொகையால் நூலாசிரியர்க்குப் பரிசளித்தார் எவரையும் யாம் கேட்டதில்லை.

மேனாட்டிலும் தொடக்கத்தில் இக்கணக்கு மனிதரை அளத்தற்கு எழுந்ததன்று. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் பிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873-ஆம் ஆண்டில் வழக்கறிஞர்க்கென ஓர் அட்டவணை தொடங்கினார். ஒரு பழைய தீர்ப்பைப் பின்வந்த எத்தீர்ப்புக்கள் குறிப்பிட்டன என்பதை அது காட்டிற்று. குறிப்பிட்டதை மட்டுமா? பின்வந்த நீதிபதி அதனைத் தழுவினாரா, வேறுபடுத்தினாரா, தள்ளிவிட்டாரா என்பதையும் சிறு எழுத்துக் குறிகளால் காட்டிற்று. தள்ளுண்ட தீர்ப்பை நம்பி வழக்கறிஞர் நீதிமன்றம் புகுதலாகாது அன்றோ?

1927-ஆம் ஆண்டில் குரோஸ் என்னும் பெயருடைய இருவர், ஒரு கல்லூரி நூலகம் எந்த இரசாயன இதழ்களை விலைகொடுத்து வாங்கலாம் என்று துணிதற்கு, ஓரிதழின் கட்டுரைகளில் வந்த மேற்கோள்களை எண்ணினர். நம் நாட்டவராகிய சீர்காழி அரங்கநாதனார் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 1924 முதல் தொண்டாற்றியவர். நூலகப் பணிகளுக்குக் கணக்கியலைப் பயன்படுத்தும் கலைக்கு 'லைப்ராமெட்ரி' என்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் பெயர் கூறினார். இவர்கள் எண்ணியனவெல்லாம் படிப்போர்க்கு நூல் எளிதிற் கிட்டுதற்பொருட்டே.

பின்னர் யூஜீன் கார்பீல்டு என்பார், ஷெப்பர்டின் அட்டவணையைக் கண்டு, விஞ்ஞானத்திற்கும் அத்தகையது வேண்டும் என்று 1955-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எங்கே குறைகூறினர் என்பதை அறியாமல் அதனை ஒருவர் குருட்டுத்தனமாக எடுத்தாளாதிருத்தல் வேண்டும் என்பது அவர் கூறிய நோக்கங்களுள் ஒன்று. 1964-இல் 'சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' என்னும் பேரட்டவணை வெளிவந்தது. ஆனால் ஷெப்பர்டின் குறிகள் அதில் இல்லை. தழுவியதும் ஒன்றே, தள்ளியதும் ஒன்றே எனக் கணக்கேறின. இந்த ஓர் இழப்பிலிருந்தே பின்வந்த மயக்கங்களுட் பல கிளைத்தன என்பது எம் கருத்து.

1975 முதல் இதழ்களின் 'தாக்க எண்' ஆண்டுதோறும் வெளிவரலாயிற்று. அதன் கணக்கு எளிது. ஓரிதழ் 2022, 2023 ஆகிய இரண்டாண்டிலும் சேர்த்து 100 கட்டுரைகள் அச்சிட்டது எனக் கொள்வோம். அவை 2024-இல் 250 முறை எடுத்தாளப்பட்டன எனின், 250-ஐ 100-ஆல் வகுக்க வரும் 2.5 அவ்விதழின் தாக்க எண்ணாம். அந்த 250-இல் 150 ஒரே கட்டுரைக்கு உரியதாய் இருத்தல் கூடும். எஞ்சிய 99 கட்டுரைகட்கும் சேர்த்து 100 மட்டுமே இருத்தல் கூடும். அங்ஙனமிருக்க, அவ்விதழில் எழுதினார் ஒவ்வொருவரையும் 2.5 என்று மதிப்பிடுதல், ஊரின் சராசரி நிலவுடைமையைக் கொண்டு ஒரு குடியானவரின் நிலத்தை மதிப்பிடுதல் போலாம்.

இனி எச் எண். கலிபோர்னியாவில் பௌதிகப் பேராசிரியராகிய ஜார்ஜ் ஹிர்ஷ் என்பார் இதனை 2005-இல் வகுத்தார். ஒருவர் ஏழு கட்டுரைகள் எழுதினார்; அவை முறையே 40, 18, 9, 5, 5, 2, 0 முறை எடுத்தாளப்பட்டன எனக் கொள்வோம். குறைந்தது ஐந்து முறை எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் ஐந்து உள்ளன. ஆறு முறை எடுத்தாளப்பட்டவை ஆறு இல்லை. ஆகவே அவர் எச் எண் 5. இஃது அழகிய கணக்கே. ஒரே கட்டுரையால் பெயர்பெற்றாரையும், எவரும் படியாத நூறு கட்டுரை எழுதினாரையும் ஒருங்கே அடக்கிக் காட்டுவது. ஆனால் இரண்டே கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் ஆயிரம் முறை எடுத்தாளப்பெற்ற ஒருவர்க்கு எச் எண் 2-தான். பத்துக் கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் பத்து முறை எடுத்தாளப்பெற்றவர்க்கு 10. முன்னவரினும் பின்னவர் ஐந்து மடங்கு பெரியர் என்று கூற எவரேனும் துணிவரோ? மேலும் இவ்வெண் ஏறுமேயன்றி இறங்காது. ஆகவே ஐம்பது வயதினரையும் இருபத்தாறு வயதினரையும் இவ்வெண்ணால் ஒப்பிடுதல், தென்னை மரத்தையும் தென்னங்கன்றையும் உயரத்தால் ஒப்பிடுதலாகும்.

மற்று, இவ்வெண்களுக்கு நற்பயன் இல்லையோ எனின், உண்டு. அதனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. நம் தந்தையர் காலத்தில் ஒருவர் கல்லூரியிடத்திற்கோ வேலைக்கோ சென்றால் முதலிற் கேட்கப்பட்ட வினா, 'நீ யார் பிள்ளை? யார் சொல்லி வந்தாய்?' என்பதே. சிபாரிசு இல்லாதவன் திண்ணையிலேயே நின்று திரும்பினான். நம்மவருட் பலர் அங்ஙனம் திரும்பியவரே. எண் அவ்வினாவைக் கேட்பதில்லை. பெரிய இடத்துப் பிள்ளையின் எண்ணும் கூலிக்காரர் மகனின் எண்ணும் ஒரே வரியில் நிற்கும். எண் வேண்டும் என்று குழுவினர் விரும்பியதற்கும் இதுவே காரணம் என்பதை யாம் அறிவேம். மூவர் உட்கார்ந்து, 'இப்பையன் நல்லவன்' என்று சொல்லிவிடுதலினும் எண் மேலானதன்றோ என்று அவர்கள் கேட்பது நியாயமே.

ஆனால் எண்ணிற்கும் உறவினர் உண்டு என்பதைக் காண்டல் வேண்டும். பெரிய கூடங்களில், பெரிய பேராசிரியரின்கீழ், ஆங்கிலத்தில் எழுதுவோரைப் பலர் காண்பர், பலர் எடுத்தாள்வர். அட்டவணைகளில் ஏறும் இதழ்களிற் பெரும்பான்மையும் ஆங்கில இதழ்களே. தமிழில் எழுதி, தமிழ் இதழில் அச்சிட்டவர்க்குச் சுன்னம் விழுவது, அவர் எழுத்து எவர்க்கும் பயன்படவில்லை என்பதனாலன்று. எண்ணுவோன் அத்தெருவிற்கே வரவில்லை என்பதனால். ஆகவே சிபாரிசை ஒழிக்க வந்த எண், மற்றொரு வாயிலால் சிபாரிசைக் கொணர்ந்து விடுகின்றது.

இனி, எண் நம்மை மயக்கும் வழிகளுள் நான்கினை மட்டும் எடுத்துரைப்பேம்.

முதலாவது, எடுத்தாண்டமை எல்லாம் ஏற்றமை ஆகாது. நன்னூலார் நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்றார். பிறர் கருத்துக்கு உடன்படுதலும், அதனை மறுத்தலும், ஏற்பதுபோல் முதலிற் கொண்டு பின்னர்க் களைதலும், பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டலும் அவற்றுட் சில. இவ்வேறுபாட்டை நம் பள்ளிச் சிறுவரும் உருப்போடுவர்; அட்டவணை அறியாது. 1998-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில், தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கு இடும் ஒரு தடுப்பூசியையும் குழந்தைகளின் ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டையும் தொடர்புபடுத்தி வேக்பீல்டு என்பாரும் பிறரும் ஒரு கட்டுரை எழுதினர். அவர்கள் பார்த்த குழந்தைகள் 12 பேர். அக்கட்டுரை பிழையென அறியப்பட்டு 2010-இல் இதழாரால் திரும்பப் பெறப்பட்டது. அதனிடையே அதனை நம்பித் தடுப்பூசியைத் தவிர்த்த பெற்றோர் பலர். அக்கட்டுரை மிகப் பலரால் எடுத்தாளப்பட்டது, பெரும்பகுதியும் மறுத்தற்பொருட்டே. கணக்கிலோ அது பெருஞ்செல்வமாய் நிற்கும்.

இரண்டாவது, அளவுகோல் துறைதோறும் வேறு. இங்கேதான் அப்பெண் எழுதிய கட்டுரையை நினைக்கின்றேம். சோழர் கல்வெட்டுக்களில் நிலம் குழிக் கணக்கால் கூறப்படும். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம் ஒரு குழி. ஆனால் கோல் எங்கும் ஒன்றன்று. 12 சாண் கோலும் உண்டு, 16 சாண் கோலும் உண்டு. முன்னதால் ஒரு குழி 144 சதுரச் சாண், பின்னதால் 256. ஆகவே ஓரூரின் 100 குழியும் மற்றோரூரின் 100 குழியும் எண்ணால் ஒன்றாயினும் மண்ணால் ஒன்றாகா. கோலின் அளவைப் படியாமல் குழியின் எண்ணை மட்டும் கூட்டுவோர் அக்கால வரிக் கணக்கை எங்ஙனம் பிழைபட உணர்வர் என்பதே அக்கட்டுரையின் பொருள். கோலைப் பாராமல் எண்ணைக் கூட்டிய எம் செயலை எமக்கே எடுத்துரைத்ததுபோல் இருந்தது. உறக்கம் வாராமைக்குக் காரணம் இதுவே.

ஆராய்ச்சித் துறைகளும் அவ்வூர்களைப் போன்றனவே. மருத்துவம், உயிர்நூல் முதலிய துறைகளில் எழுதுவோர் பலர். கட்டுரைதோறும் நீண்ட மேற்கோட் பட்டியல் இருக்கும். கணிதத்தில் எழுதுவோர் சிலர், பட்டியலும் குறுகியது. ஒரு துறைக்குள்ளேயும் முறை கூறும் கட்டுரை ஓங்கும். உண்மை கண்ட கட்டுரை தாழும். 2014-இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் மிகப் பலமுறை எடுத்தாளப்பட்டது, புரதத்தின் அளவைக் காணும் முறையைக் கூறி லவுரி என்பாரும் பிறரும் 1951-இல் எழுதிய கட்டுரை. 3 இலட்சத்திற்கு மேற்பட்ட மேற்கோள்கள். டி.என்.ஏ.-வின் இரட்டைச் சுருள் வடிவைக் கூறிய 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையோ முதல் நூற்றுள்ளும் இடம்பெறவில்லை. எல்லாரும் அறிந்த உண்மையை மேற்கோள் காட்டுவார் இலர். காற்றிற்குக் கடன் எழுதுவார் யாவர்?

மூன்றாவது, காலம். மெண்டல் என்னும் துறவியார் பட்டாணிச் செடிகளைக் கொண்டு பாரம்பரிய விதிகளை ஆராய்ந்து 1865-இல் அவையிற் படித்து, 1866-இல் அச்சிட்டார். அதன் சிறப்பை உலகம் உணர்ந்தது 1900-இல். அவர் 1884-இலேயே மறைந்துவிட்டார். நம் இராமானுஜனார் 1913-இல் சென்னைத் துறைமுகத்தில் ஓர் எழுத்தர். அச்சான கட்டுரைகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அவர் எழுதிய கடிதத்தைக் கண்ட ஹார்டி, தாம் அறியாத தேற்றங்களை லிட்டில்வுட் என்னும் நண்பரோடு உட்கார்ந்து படித்தார், படித்துத் துணிந்தார். வேறு பேராசிரியர்க்கும் இராமானுஜனார் முன்னரே எழுதியிருந்தார், பயன் விளையவில்லை. அவர் தம் இறுதிநாளில், 1920-இல், ஹார்டிக்கு எழுதிய 'போலித் தீட்டா' சார்புகளின் உள்ளியல்பை ஸ்வேகர்ஸ் என்னும் இளைஞர் தம் ஆய்வேட்டில் விளக்கியது 2002-இல். இடையே சென்றவை 82 ஆண்டுகள். பீட்டர் ஹிக்ஸ் என்னும் பௌதிகப் பேரறிஞர் 1964-இல் எழுதிய கருத்துக்கு 2013-இல் நோபெல் பரிசு பெற்றார். இக்காலத்து முறைப்படி தம்மைப் போதிய அளவு எழுதாதவர் என்று கருதி எவரும் வேலை தந்திரார் என்று அவரே கூறினார்.

நான்காவது, எண்ணே குறியானால் எண் கெடும். மாணாக்கர் அறிவை அறியத் தேர்வு வைக்கின்றோம். மதிப்பெண்ணே குறியானபின் அவர் உருப்போடுகின்றார். ஆராய்ச்சியிலும் அவ்வாறே. ஒரு கட்டுரையை மூன்றாய் அறுத்து அச்சிடுவோரும், தம்மைத் தாமே மேற்கோள் காட்டுவோரும், 'நீ என்னைக் காட்டு, யான் உன்னைக் காட்டுகின்றேன்' என்று உடன்படிக்கை செய்வோரும் தோன்றினர். 2024-இல் அமெரிக்க ஆராய்ச்சி மாணாக்கர் ஒருவரும் அவர் தோழரும் இம்முறையின் பொய்ம்மையைக் காட்ட விரும்பி, பாட்டியார் வளர்த்த லாரி என்னும் பூனையின் பெயரால் பொருளற்ற 12 கட்டுரைகளை இணையத்தில் ஏற்றி, அவற்றை மேற்கோள் காட்டும் வேறு போலிக் கட்டுரைகளையும் ஏற்றினர். சில வாரங்களில் கூகிள் ஸ்காலர் அப்பூனைக்கு 11 என்று எச் எண் காட்டிற்று. அன்பர்கள் நகைக்கின்றீர்கள். நம் வரைவு விதி நிறைவேறின், சென்ற ஆண்டு எச் எண் 6 உடைய நம் இளைஞரையும் தள்ளி உதவித்தொகை அப்பூனைக்கே செல்லும் என்பதை நகைத்தபின் எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றேம்.

நகைப்பிற்கு இடமில்லாத செய்தியும் உண்டு. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கல்லூரி ஆசிரியரின் நியமனத்திற்கும் உயர்வுக்கும் ஏ.பி.ஐ. என்னும் புள்ளி முறையைப் புகுத்தியது. அதன்பின், துறையறிந்தார் ஆய்ந்து பாராமல் காசு பெற்று அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே திங்களில் அக்குழு தான் ஏற்றிருந்த பட்டியலினின்றும் 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. 2019-இல் 'கேர்' என்னும் புதுப் பட்டியல் வந்தது. 2025-இல் அதுவும் கைவிடப்பெற்றது. உலகளவிலும், 2023-ஆம் ஆண்டில் ஹிண்டாவி என்னும் ஒரு வெளியீட்டகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆசிரியர் வரிசையில் ஓர் இடத்தை விலைபேசி விற்கும் தரகர்களும் உள்ளனர். நம் குடும்பங்களில் நகையை அடகுவைத்து மகனின் கட்டுரைக்குப் பணம் கட்டிய தாய்மாரை யாம் அறிவேம். அவர்களை அவ்வழியில் தள்ளுவது, நம்மைப் போன்ற குழுக்கள் கேட்கும் எண்ணே.

இவற்றையெல்லாம் கண்டு அறிஞர் வாளாவிருந்திலர். 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடியோர், இதழின் தாக்க எண்ணைக் கொண்டு தனியொருவரின் ஆராய்ச்சியை மதிப்பிடலாகாது என்று ஓர் அறிக்கை வகுத்து 2013-இல் வெளியிட்டனர். 2015-இல் லெய்டன் அறிக்கை பத்து நெறிகளைக் கூறிற்று. துறையறிந்தாரின் மதிப்பீட்டிற்கு எண் துணைநிற்றல் வேண்டும் என்பதும், அவ்வந்நாட்டிற்கும் இடத்திற்கும் பயன்படும் ஆராய்ச்சியைக் காத்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். எச் எண்ணைப் படைத்த ஹிர்ஷ் அவர்களே, தம் எண் பெருந்தவறு இழைத்தலும் கூடும், தாம் கருதாத தீமைகளை விளைத்தலும் கூடும் என்று 2020-இல் எழுதினார். தச்சனே 'இந்நாற்காலியில் பார்த்து உட்காரும்' என்று சொன்னபின், நாம் அதனைச் சிங்காதனமாக்குதல் தகுமோ?

அற்றேல், செய்யத்தக்கது யாது? எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் சிபாரிசின் காலில் விழ வேண்டும் என்று யாம் கூறவில்லை. எண் சாட்சியாக வரட்டும். நீதிபதி படிப்போரே ஆதல் வேண்டும். அதற்கு ஐந்து திருத்தங்களை வரைவில் சேர்க்குமாறு முன்மொழிகின்றேம்.

ஒன்று: விண்ணப்பிப்போர் தம் கட்டுரைகள் அனைத்தின் பட்டியலை விடுத்து, தாம் சிறந்தனவாகக் கருதும் மூன்றுக்கு மேற்படாத எழுத்துக்களை மட்டும் அனுப்புக. அவற்றுள் தம் கைப்பட்ட பகுதி எது என்பதையும் எழுதுக.

இரண்டு: ஒவ்வொன்றையும் அத்துறை அறிந்த இருவர் முழுதும் படித்து, அதன்கண் கண்டது யாது என்பதை ஒரு பக்க அளவில் தம் சொற்களால் எழுதுக. அவ்விருவருள் ஒருவரேனும் நம் சங்கத்தையும் நம் வகுப்பையும் சாராதவராய் இருத்தல் வேண்டும். சிபாரிசு என்னும் பழிக்கு இதுவே மருந்து.

மூன்று: மேற்கோள் எண்ணைக் காட்ட விரும்புவோர் காட்டலாம். ஆயின் அதே துறையில், அதே ஆண்டுகளே உழைத்தாரோடு மட்டும் அதனை ஒப்பிடுக. கோலின் அளவைக் கூறாது குழியைக் கூறலாகாது.

நான்கு: எடுத்தாண்டவர் எத்துணையர் என்று கேட்டலோடு, எடுத்தாண்ட ஓரிடத்தையேனும் எடுத்துப் பார்த்து, அங்கே உடன்பட்டனரா, மறுத்தனரா என்று குறித்துக்கொள்க. ஷெப்பர்ட் இட்ட குறியை நாம் மீண்டும் இடுவோமாக.

ஐந்து: தமிழில் எழுதிய எழுத்து, நூற்பதிப்பு, அகராதிப் பணி, ஊர்ப்புறத்திற்குப் பயன்படும் ஆய்வு ஆகியவற்றை, அட்டவணையில் ஏறவில்லை என்னும் காரணத்தால் தள்ளற்க.

இவை உழைப்பு மிக்கவை என்று குழுவினர் கூறலாம். ஆம், மிக்கவையே. கால் மணி நேரத்தில் முடிந்த வேலை கால் திங்களாகும். ஆயினும் ஓர் இளைஞர் ஐந்தாண்டு உழைத்து எழுதியதை நாம் ஐந்து நாழிகை படித்தல் மிகையோ?

இறுதியாக ஒன்று. கட்டுரையைப் படித்தபின் யாம் அப்பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினேம். படியாமல் தீர்மானித்தமைக்கு மன்னிப்புக் கேட்டு, கட்டுரையில் ஒரு சொல்லின் பாடம் பற்றி எமக்கு எழுந்த ஐயத்தையும் குறித்திருந்தேம். பத்து நாளில் விடை வந்தது. உதவித்தொகையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அச்சொல்லைப் பற்றியே இரண்டு பக்கம். எம் ஐயம் பொருந்தாது என்பதைக் கல்வெட்டின் படியைக் கொண்டு தெளிவாக்கியிருந்தார். கடைசி வரியில், 'அக்கட்டுரை வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆயின, ஐயா. படித்தேன் என்று ஒருவர் எழுதியது இதுவே முதல் முறை' என்று எழுதியிருந்தார்.

அன்பர்காள்! அவ்வரியை யாம் பலமுறை படித்தேம். சுன்னம் என்று அவர் கட்டத்தில் இட்டிருந்ததன் பொருள் அப்பொழுதுதான் எமக்கு முழுதும் விளங்கிற்று. இனி நம் சங்கத்தின் வாயிலுக்கு வரும் எவரும் அங்ஙனம் படிக்கப்படாமல் திரும்பலாகாது என்று வேண்டி அமர்கின்றேம்.